நடத்தி முடித்த பாடமும் பிள்ளைகள் கையில் மிஞ்சும் பாடமும்

கடலூர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தும் பட்டதாரி ஆசிரியை நான். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் நாட்களில் ஆசிரியர் அறையில் தவறாமல் கேட்கும் பேச்சு, "எல்லாத்தையும் நடத்திட்டேன், பசங்கதான் படிக்கல" என்பது. அதே விடைத்தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போகும் மாணவியைக் கேட்டால், "நீங்க போர்டுல போடறப்ப புரிஞ்சுது மிஸ், வீட்டுல போய்ப் போட்டா வரல" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்றே நான் நினைக்கிறேன். ஆசிரியர் நடத்தாமல் விடவில்லை, மாணவியும் சாக்குச் சொல்லவில்லை. ஒரே பாடவேளை இரண்டு பக்கமிருந்தும் இரண்டு விதமாகத் தெரிகிறது. அந்த இரண்டு பார்வைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கத் தொடங்கியபின் என் வகுப்பில் எவையெல்லாம் மாறின, எவை மாறவில்லை என்பதைப் புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது எளிது, எதைக் கேட்பது என்பதுதான் கடினம். "வகுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் "நல்லா இருக்குது மிஸ்" என்றுதான் சொல்லும். ஆசிரியர் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாளைய பாடத்தில் எதையும் மாற்ற முடியாது. எனவே கேள்வியைக் கணக்கை ஒட்டியே அமைத்தேன். பாடவேளையின் கடைசியில் ரஃப் நோட்டிலிருந்து அரைத்தாளைக் கிழித்து, பெயர் எழுதாமல், "இன்று போட்ட கணக்கில் எந்த வரி வரை கூடவே வந்தாய், எந்த வரியில் விட்டுப்போனது?" என்பதற்கு மட்டும் எழுதித் தரச் சொன்னேன். வரி எண்ணை மட்டும் எழுதினாலும் போதும். இப்படிக் கேட்டதும் பதில்களின் தன்மையே மாறிவிட்டது. வகுப்பின் பெரும்பகுதி ஒரே வரியில் நின்றிருப்பது தெரிந்தால், அடுத்த நாள் பாடத்தை முதலிலிருந்து திரும்ப நடத்த வேண்டியதில்லை, அந்த வரியிலிருந்து தொடங்கினால் போதும். போர்ஷன் ஓடவில்லையே என்று தவிக்கும் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நேரமிச்சம் எனக்குத் தெரிந்தவரை கிடையாது.

அந்தச் சீட்டுகளில் முதலில் வெளிப்பட்டது, எழுதிக்கொண்டே கேட்பதில் இருக்கும் சிக்கல். நாங்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே விளக்குகிறோம், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே கேட்கிறார்கள் என்று எண்ணுகிறோம். "எழுதிகினே இருக்கறப்ப நீங்க பேசறது காதுல விழ மாட்டுது மிஸ், அழிச்சிடுவீங்கன்னு வேகமா எழுதறோம்" என்று ஒரு சீட்டில் இருந்தது. கிட்டத்தட்ட அதே கருத்து வேறு பல கையெழுத்துகளிலும் வந்தது. ஆசிரியர் பக்கத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு: ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது நோட்டைத்தான், நோட்டு முழுமையாக இருந்தால் பாடம் நடந்ததற்குச் சான்று ஆகிவிடுகிறது. ஆனால் பிள்ளையின் கையில் முழு நோட்டு இருந்தும் தலையில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. இப்போது நான் முதல் கணக்கைப் போடும்போது எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். முழுக் கணக்கையும் பேசிப் போட்டு முடித்ததும், நடுவில் இருக்கும் இரண்டு வரிகளை அழித்துவிட்டு, மிச்சத்தை எழுதிக்கொண்டு அந்த இரண்டு வரிகளைத் தாங்களே நிரப்பச் சொல்கிறேன். பார்த்து எழுதுவது அந்த இடத்தில் நின்றுபோய், யோசித்து எழுதுவது தொடங்குகிறது. நோட்டும் முழுமையாகிவிடுகிறது என்பதால் ஆய்விலும் கேள்வி வருவதில்லை.

அடுத்தது வகுப்பறை மௌனம். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று சொல்லி, ஒருவரும் வாய் திறக்காததைப் பார்த்து, "சரி, எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு" என்று அடுத்த கணக்குக்குப் போவது ஆசிரியர்கள் எல்லோரிடமும் உள்ள வழக்கம். அந்த மௌனத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியது வேறு. ஆசிரியரைக் கண்டு பயந்து கேட்காமல் இருப்பவர்கள் நான் எண்ணியதைவிடக் குறைவு. கேட்டால் பின் பெஞ்சில் சிரிப்பார்கள், "இதுகூடத் தெரியாதா" என்று இடைவேளையில் கிண்டல் செய்வார்கள் என்ற கூச்சம்தான் அதிகம். சிலர் தங்களுக்கு என்ன புரியவில்லை என்பதையே வார்த்தையாக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை நான் மிக நேர்மையான பதிலாக மதிக்கிறேன். 1970களில் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற கல்வியாளர், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பதில் சொல்பவர்கள் கூடுகிறார்கள், "தெரியாது" என்பது குறைகிறது என்றும் கண்டறிந்தார். மூன்று விநாடி என்பது கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றினாலும், ஐம்பது பிள்ளைகளின் முன் பேசாமல் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். கேள்வியைக் கேட்டதும் யாரையும் எழுப்பாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுப் பிறகு சொல்லச் சொல்கிறேன். இருவராகப் பேசிய பதில் தவறாகப் போனாலும் அந்தத் தவறு ஒருவர் தலையில் விழுவதில்லை. ஆகவே கூச்சம் பாதியாகிவிடுகிறது.

இந்த இருவர் பேச்சிலிருந்துதான் எனக்கு மறக்க முடியாத ஒரு விளக்கம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் என்ற பகுதி உண்டு. கீழிருந்து மேலே பார்க்கும் ஏற்றக்கோணம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும், மேலிருந்து கீழே பார்க்கும் இறக்கக்கோணத்தில்தான் இடறுவார்கள். 60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகு 30° இறக்கக்கோணத்தில் தெரிகிறது, படகு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டால், வகுப்பில் கணிசமானவர்கள் அந்த 30 பாகையைக் கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவே குறித்துவிடுவார்கள். முறைப்படி கிடைமட்டக் கோட்டிலிருந்து குறித்தால் தொலைவு 60√3, ஏறத்தாழ 104 மீட்டர். கோபுரத்திலிருந்து குறித்தால் 20√3, ஏறத்தாழ 35 மீட்டர். படகு மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கு வந்துவிடுகிறது. கணக்கின் மற்ற வரிகள் எல்லாம் சரியாக இருப்பதால், விடைத்தாளில் இதைப் பார்ப்பவர் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டுப் போய்விட வாய்ப்பு அதிகம்.

அப்படி வரைந்த மாணவியைக் கேட்டபோது, "கோபுரத்து மேல நின்னுதானே மிஸ் பார்க்கறாங்க, அப்ப கோணம் கோபுரத்துலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?" என்றாள். தெளிவான தர்க்கம். நான் கிடைமட்டக் கோடு, ஒன்றுவிட்ட கோணங்கள் என்று பாடநூல் வழியில் விளக்கினேன், தலையாட்டினாள், அடுத்த கணக்கிலும் அதையே செய்தாள். பக்கத்து வரிசையில் துறைமுகப் பக்கத்துப் பையன் ஒருவன், விடுமுறை நாட்களில் அப்பாவோடு விசைப்படகில் போய் வருபவன். அவன் எழுந்து நின்று கையை நேராக முன்னால் நீட்டி, "நீ முதல்ல கோபுரத்தையா பார்ப்ப? நேரா கடலும் வானமும் சேர்ற எடத்தப் பாரு. அப்புறம் போட்டைப் பார்க்கத் தலைய எவ்ளோ கீழ எறக்கறியோ, அதான் எறக்கக்கோணம்" என்று சொல்லிக்கொண்டே கையை மெல்லக் கீழே இறக்கினான். அவள் தானும் கையை நீட்டி இறக்கிப் பார்த்தாள், நோட்டில் உச்சியிலிருந்து ஒரு படுக்கைக் கோடு இழுத்தாள், அதற்குக் கீழே கோணத்தைக் குறித்தாள். அதன்பின் அந்தத் தவறு அவளிடம் வரவில்லை. அந்தப் பையன் கணிதத்தில் அதிக மதிப்பெண் எடுப்பவன் அல்லன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடுத்த தேர்வில் அந்தப் பகுதிக் கணக்குகளை அவன் முழுமையாகப் போட்டிருந்தான். விளக்கியதால் பயன் பெற்றவர்கள் இருவர்.

நன்னூலின் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில், ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வசமாகும், உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்து விளக்குவதில் மீதி அரை என்று கணக்கே போட்டுத் தரப்பட்டிருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான அந்தக் கணக்கை வைத்து நம் பாடவேளையைப் பார்த்தால், கால் பங்குக்கு உரிய வேலைக்கு ஏறத்தாழ முழு நேரத்தையும் கொடுத்துவிட்டு, முக்கால் பங்குக்கு உரிய வேலையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு உடன் பயில்வாரும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. "வீட்டுல போய்ப் போட்டா வரல" என்பதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர்களாகிய எங்கள் தரப்பில் மிக வலுவாகச் சொல்லப்படுவது, "அடிப்படையே இல்லாமல் வருகிறார்கள், எட்டு வரை ஆல் பாஸ், ஒன்பதில் வந்து நாங்கள் என்ன செய்வது" என்பது. இதை நான் மறுக்கவில்லை. 2025–26ஆம் கல்வியாண்டின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2020–21இல் ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு முழுவதும் அவர்களுக்குப் பள்ளி திறக்கவில்லை, ஆறாம் வகுப்பிலும் 2021 நவம்பர் 1 அன்றுதான் நேரில் வந்து உட்கார்ந்தார்கள். பின்னத்தைக் கையால் தொட்டுப் பழக வேண்டிய காலம் அது. விளைவு, 1/2 + 1/3 என்பதற்கு மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி 2/5 என்று எழுதும் பழக்கம் பத்தாம் வகுப்பு வரை அப்படியே வருகிறது, விகிதமுறு கோவைகளைக் கூட்டும் இடத்தில் வெளியே தெரிகிறது. ஆனால் "அடிப்படை இல்லை" என்று பொதுவாகச் சொல்லும்போது ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போகிறது, பிள்ளைக்கோ தான் எதற்கும் ஆகாதவன் என்று கேட்கிறது. பின்னக் கூட்டல் ஒன்றுதான் வரவில்லை என்று குறிப்பாகச் சொன்னால் இருவருக்கும் வழி திறக்கிறது. அரை என்பது மூன்றில் ஒன்றைவிட எவ்வளவு பெரியது, 2/5 என்பது அந்த அரையைவிடச் சிறியதா பெரியதா, அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் அரையைவிடச் சின்னதாக ஆகுமா என்று கேட்டால், பிள்ளைகளே "தப்பு மிஸ்" என்று சொல்லிவிடுவார்கள். அதன்பின் பகுதியைச் சமமாக்கும் முறையைக் கேட்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சிக்குத் தேவையானதை மட்டும் தொகுத்துச் சில பிள்ளைகளுக்குத் தனியாகப் பழக்குவது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, கடைசியில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8. தேர்ச்சிக்கு வேண்டியது 35. வடிவியலையும் வரைபடத்தையும் பழக்கிவிட்டால் 16 வந்துவிடும், புத்தகத்தின் பின்பயிற்சி ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் ஒரு பத்து, சில இரண்டு மதிப்பெண் வினாக்கள் எழுதினால் கரை சேர்ந்துவிடலாம் என்பது எல்லாக் கணித ஆசிரியர்களுக்கும் தெரிந்த கணக்கு. தேர்ச்சி விழுக்காட்டுக்கான மீளாய்வுக் கூட்டத்தில் நிற்கும் தலைமை ஆசிரியருக்கும், பிள்ளை பத்தாவது பாஸ் ஆனால் போதும் என்று கும்பிடும் பெற்றோருக்கும் இது பெரிய ஆறுதல். இந்த முயற்சியால் பள்ளியைவிட்டு நிற்காமல் பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று போன பிள்ளைகள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதற்காக "ஸ்லோ லேர்னர்" என்று பிரித்துத் தனிக் குழுவில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எழுதிய சீட்டுகளைப் படித்தபின் முன்போல அதைச் செய்ய என்னால் முடியவில்லை. "ஸ்லோ லேர்னர்ல போட்டதுலேர்ந்து மத்த கணக்க நான் பார்க்கறதே இல்ல, எனக்கு அது இல்லன்னு விட்டுட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், தனக்கு இயற்கணிதம் கொஞ்சம் வரும் என்றும், ஆனால் அந்தக் குழுவில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தார். நாங்கள் குறைந்தபட்சம் என்று கொடுத்ததை அவர்கள் தங்களுக்கான எல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வரிசையை மாற்றினேன். வரைபடத்தையும் செய்முறை வடிவியலையும் ஜனவரியில் சிலருக்கு மட்டும் தனியாகக் கொடுக்காமல், ஜூனிலேயே வகுப்பு முழுவதற்கும் முதல் பாடமாக நடத்திவிடுகிறேன். கையால் செய்வது, அளந்து சரிபார்க்கக்கூடியது, முழு மதிப்பெண் கிடைப்பது என்பதால் எண்களைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகூட ஆண்டின் தொடக்கத்திலேயே எட்டுக்கு எட்டு வாங்கிவிடுகிறது. "உனக்குக் கணக்கு வராது" என்ற பேச்சுக்கு எதிரான முதல் சான்று அதன் நோட்டிலேயே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பாடத்திலும் யாருக்கு எது வரவில்லையோ அதற்கு மட்டும் குழு பிரிக்கிறேன், அடுத்த பாடத்தில் குழு கலைந்துவிடும். நன்றாகப் படிக்கும் பெண்ணும் ஒரு பாடத்தில் அந்தக் குழுவில் வந்து உட்காரும்போது, அங்கே உட்காருவதில் இருந்த அவமானம் போய்விடுகிறது.

தேர்வுகளைப் பற்றி இரு தரப்பும் பேசுவது முற்றிலும் வேறு மொழி. ஆசிரியருக்குத் தேர்வு என்பது அளவுகோல், பிள்ளைக்கு அது பெரும்பாலும் தண்டனை. ஸ்லிப் டெஸ்ட் எனும் சிறு தேர்வு வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. "மார்க்கைச் சத்தமா படிக்காதீங்க", "பேப்பரைச் சீக்கிரம் கொடுங்க, ரெண்டு வாரம் கழிச்சுக் கொடுத்தா எந்தக் கணக்குன்னே மறந்துடுது" என்ற இரண்டு வேண்டுகோள்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டும் நியாயமானவை, இரண்டுக்கும் செலவு கிடையாது. இப்போது சிறு தேர்வுகளில் மதிப்பெண் போடுவதில்லை. கணக்கில் முதல் தவறு நேர்ந்த வரியை மட்டும் வட்டமிட்டு மறுநாளே தந்துவிடுகிறேன், அந்த வரியிலிருந்து அவர்களே திருத்தி எழுதுகிறார்கள். வட்டமிடுவது மதிப்பெண் போடுவதைவிட வேகமான வேலை என்பதைச் செய்து பார்த்தால் உணரலாம்.

கடலூரில் தேர்வுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் எங்களுக்கு நாட்கள் போகாத ஆண்டே கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. புத்தகப்பை நனைந்து, நோட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு போன பிள்ளைகள் பலர். அப்படி ஒரு இடைவெளிக்குப் பிறகு பள்ளி திறந்ததும் ஆசிரியர்களின் முதல் எண்ணம் விட்ட இடத்திலிருந்து வேகமாக ஓடுவது, பிள்ளைகளின் முதல் எண்ணம் எல்லாம் மறந்துவிட்டது என்பது. நான் இரண்டையும் செய்வதில்லை. முதல் பாடவேளையில் புத்தகம் திறக்காமல், மழைக்கு முன் நடத்திய பாடத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் வெற்றுத்தாளில் எழுதச் சொல்கிறேன், பிறகு பக்கத்தில் இருப்பவரின் தாளோடு ஒப்பிட்டு விட்டதைச் சேர்க்கச் சொல்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது. "படிச்சேன் மிஸ், நல்லாத் தெரிஞ்சுது, பேப்பரைப் பார்த்ததும் மறந்துடுச்சு" என்று அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதை அந்த ஆய்வு எனக்கு உறுதிப்படுத்தியது. அவளுக்குத் தேவை மேலும் ஒருமுறை படிப்பது அல்ல, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது.

வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து டவுன் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும் பெண்ணுக்கு, தம்பியைப் பார்த்துக்கொண்டு சோறு வடித்து முடிக்கும்போது இரவாகிவிடுகிறது. விடியற்காலையில் மீன் இறங்கும் நேரத்தில் துறைமுகத்துக்குப் போய்விட்டு முதல் பாடவேளையில் கண் செருகும் பையனும் உண்டு. இவர்களிடம் பத்துக் கணக்கு கேட்டால் கைடைப் பார்த்து எழுதிவந்துவிடுவார்கள், அதைத் திருத்தும் ஆசிரியரின் உழைப்பும் வீண். இரண்டு கணக்கு, அதில் ஒன்று வகுப்பிலேயே தொடங்கியது என்று வைத்தபின் வருவது பெரும்பாலும் அவர்கள் சொந்தமாகப் போட்டது. தவறாக வந்தாலும் சொந்தத் தவறு என்பதால் அதை வைத்துப் பாடம் நடத்த முடிகிறது.

பிள்ளைகளின் பார்வையை மட்டும் எழுதினால் இது ஒருபக்கமாகிவிடும். வருகைப் பதிவு, எமிஸ் (பள்ளி விவரங்களைக் கைபேசிச் செயலியில் பதியும் அரசுத் தளம்) பதிவேற்றம், விலையில்லாப் பொருள் வழங்கிய கணக்கு, பயிற்சி வகுப்பு, தேர்தல் பணி என்று பாடத்துக்கு வெளியே ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் வேலைகள் ஏராளம். இதைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஒரு சீட்டில் இருந்தது: "டீச்சருங்க கிளாஸ்ல போன் பார்க்கறாங்க, நாங்க கொண்டு வந்தா மட்டும் புடுங்கறாங்க." வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? மறுநாள் எமிஸ் செயலியைத் திறந்து, வருகைப் பதிவு எப்படி நடக்கிறது, நெட்வொர்க் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வகுப்பிலேயே காட்டினேன். ஆண்டின் பாடத்திட்டத்தை மாதவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டினேன், எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பதை அவர்களும் பார்க்கட்டும் என்று. அதன்பின், "மிஸ், மழை லீவுல நாலு நாள் போச்சு, இந்த எடுத்துக்காட்ட நாங்களே பார்த்துக்கறோம், அடுத்தத நடத்துங்க" என்று அவர்களே சொல்லும் நிலை வந்தது. பாடத்தை நகர்த்தும் பொறுப்பில் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறது என்று வாயால் சொல்வதைவிட, நம் கையில் இருக்கும் நெருக்கடியை ஒளிக்காமல் காட்டுவது பலன் தருகிறது.

கண்டிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்டிப்பான ஆசிரியர்களை மாணவர்கள் வெறுப்பதாக ஒரு பேச்சு உண்டு, என் அனுபவம் அப்படி இல்லை. நோட்டைத் தினமும் பார்ப்பவர், தாமதமாக வந்தால் கேட்பவர், சொன்ன நாளில் தேர்வு வைப்பவர் ஆகியோரைப் பற்றி மரியாதையாகவே எழுதுகிறார்கள். அவர்களைப் புண்படுத்துவது ஒப்பீடு. "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி" என்ற ஒரே வரி, பெரும்பாலும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது, ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்து விலக்கி வைத்துவிடுகிறது. ஒரே ஊர்ப் பள்ளியில் அண்ணன், அக்கா, அத்தை பிள்ளை என்று எல்லோரையும் நடத்தியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சீட்டு முறையைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் உண்டு. வகுப்பில் வாங்கிய சீட்டை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டாதீர்கள், கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடிக்க முயல்வதும் கூடாது. அப்படி ஒருமுறை நடந்தது தெரிந்தாலும் அடுத்து வருவது வெற்றுத்தாள்தான். விடைத்தாள் கொடுத்த நாளில் சீட்டு கேட்க வேண்டாம், அன்றைக்கு வருவது பாடத்தைப் பற்றிய கருத்தாக இருக்காது. வாரத்துக்கு ஒரு பாடவேளைக்கு மேல் தேவையில்லை. வாங்கியவற்றில் ஒன்றுக்காவது அடுத்த வகுப்பிலேயே மாற்றம் செய்து, "நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள், அதனால் இன்று இப்படி நடத்தப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். செய்ய முடியாததை, எடுத்துக்காட்டாகப் பாடவேளை நேரத்தை மாற்றுவதை, முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடுவதும் பதில்தான். எல்லாவற்றையும்விட, பத்தாம் வகுப்பில் தொடங்காமல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது நல்லது. அங்கே பொதுத்தேர்வின் அழுத்தம் இல்லை, பிள்ளைகள் "எந்த வரியில் விட்டேன்" என்று எழுதப் பழக ஒரு பருவமாவது ஆகிறது. பல பள்ளிகளில் அதே ஆசிரியர்தான் அடுத்த ஆண்டு அவர்களுடன் பத்தாம் வகுப்புக்குப் போகிறார். அந்த ஆண்டு ஜூனில் முதலாவது சீட்டை வாங்கும்போதே, யார் எந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.